கல்லைப் படிக்கும் முன் ஊரைக் கேளுங்கள்: செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில், ஏரிக்கரையிலோ வரப்போரத்திலோ மரத்தடியிலோ மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு பலகைக்கல் நிற்பதைப் பார்க்கலாம். வில்லோ கத்தியோ ஏந்திய ஒரு வீரனின் உருவம் அதில் இருக்கும். ஊர்க்காரர்களைக் கேட்டால் பல இடங்களில் 'வேடியப்பன்' என்பார்கள். தொல்லியல் படித்தவர்கள் 'நடுகல்' என்பார்கள். இரண்டும் உண்மை. இறந்துபோன ஒருவனுக்காக ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பு நட்ட கல் அது. இன்றைக்கும் பொங்கல் வாங்கிக்கொள்ளும் சாமியும் அதுதான்.

தொல்லியல் படிக்காதவர்களும் இந்தக் கற்களையும் அவற்றைச் சுற்றியுள்ள கதைகளையும் முறையாகத் தேடிப் பதியலாம். கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், விடுமுறைக்குச் சொந்த ஊர் வருகிறவர் என யாராலும் முடியும். வரிசைதான் முக்கியம். முதலில் ஊரைக் கேட்க வேண்டும், அப்புறம்தான் கல்லைப் படிக்க வேண்டும். வருகிறவர்கள் நேராகக் கல்லிடம் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் பாதி வரலாறு கைக்கு வராமலே போய்விடும்.

ஏன் இங்கே இத்தனை கற்கள்

இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் பார்க்கிற ஒவ்வொரு கல்லும் பேசும். ஜவ்வாது மலையின் அடிவாரம், தென்பெண்ணை ஆற்றுப் படுகை, இடையில் மேய்ச்சல் காடு என்று அமைந்த நிலம் இது. மாடுதான் செல்வம். பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்ந்து போவதும், போனதை மீட்கப் போராடுவதும்தான் அந்தக் காலத்துச் சண்டை. இலக்கணம் இதை வெட்சி, கரந்தை என்று பிரித்துச் சொல்லும். கூடவே இது எல்லைப்புறம். ஒரு பக்கம் பல்லவர், மறுபக்கம் கங்கர், நடுவில் வாணர் போன்ற சிற்றரசர்கள். எல்லையில் மந்தை இருந்தால் சண்டைக்குக் குறைவிருக்காது. மந்தையைக் காக்கப் போய் விழுந்தவனுக்கு ஊரார் கல் நட்டார்கள்.

பழக்கம் அதற்கும் முந்தியது. செங்கண்மா என்ற பழைய பெயரில் இந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அவன் ஊருக்குப் போகும் வழியில், புறமுதுகு காட்டாமல் மாண்ட மறவர்களின் பெயர் எழுதி நட்ட கற்கள் ஏராளமாக இருக்கும் என்று கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. இந்தப் பாதைக்கு அப்போதே எழுதிய முதல் வழிகாட்டி என்று அதைச் சொல்லலாம். பக்கத்துத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று அவர் கேட்கிறார். இன்று கல்லுக்கு முன்னால் பொங்கல் வைக்கிற ஊரைப் பார்க்கும்போது அந்தப் படையலின் தொடர்ச்சியைத்தான் பார்க்கிறீர்கள்.

கிளம்புவதற்கு முன்

முதலில் கண்ணைப் பழக்குங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும், தருமபுரியில் தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு போய், ஒவ்வொரு கல்லின் முன்னும் நிதானமாக நின்று பாருங்கள். திறந்தவெளியில் எண்ணெயும் மஞ்சளும் அப்பிய கல்லில் என்ன தேட வேண்டும் என்பது இங்கே பிடிபடும்.

அடுத்தது படிப்பு. தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த வட்டாரத்தில் தேடிக் கண்ட கற்களின் வாசகங்களைத் தொகுத்து 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. நீங்கள் போகப்போகிற ஊரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கல் இன்றும் அங்கேயே நிற்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே பெரிய வேலை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று செய்தி வரவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். தெரிந்த கல்லை மறுபடி போய்ப் பார்ப்பவர்கள்தான் குறைவு. சாலை அகலப்படுத்தும்போதும், நிலம் கைமாறும்போதும், கோயிலைப் புதுப்பிக்கும்போதும் காணாமல் போகிறவை தெரிந்த கற்களே.

தை பிறந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். மழைக்குப்பின் வளர்ந்த புதர் காய்ந்திருக்கும், ஏரிக்கரையில் நடக்கலாம், அறுவடை முடிந்த நிலத்தில் கால் வைத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஒரே நாளில் நான்கைந்து ஊர் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு. தண்டராம்பட்டு, சாத்தனூர் பக்கம் ஒரு நாள், செங்கம் பக்கம் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கையில் நோட்டு, பென்சில், அளவு நாடா, டார்ச், செல்பேசி, குடிநீர், ஒரு மென்மையான துணி. இது போதும். கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து எதையும் வண்டியில்கூட வைத்திருக்காதீர்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டிய கும்பல்களால் பல கற்கள் சாய்ந்திருக்கின்றன. மண்வெட்டியோடு வருகிற வெளியாளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஊருக்குள் நுழைந்ததும்

டீக்கடையிலோ பால் சொசைட்டி வாசலிலோ தொடங்குங்கள். யார், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். 'நடுகல் இருக்கா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'அப்படி ஒண்ணும் இல்லியே' என்றுதான் பதில் வரும். 'வேடியப்பன் கோயில் எங்க இருக்கு?', 'வில்லு வெச்ச சாமி கல்லு ஏதாவது இருக்கா?', 'ஏரிக்கரையில பழைய சாமி இருக்கா?' என்று கேளுங்கள். வழி சொல்வதோடு நிறுத்தாமல் கூடவே ஒருவர் கிளம்பியும் வருவார்.

மாடு மேய்க்கிறவர்களை விட்டுவிடாதீர்கள். காட்டுக்குள்ளும் புறம்போக்கிலும் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. மாட்டு மந்தைக்காகச் செத்தவனின் கல்லை இன்றைக்கு மாடு மேய்க்கிறவரே நமக்குக் காட்டுவது எனக்கு எப்போதும் மனதைத் தொடுகிற விஷயம்.

அப்புறம் பூசாரியைப் பாருங்கள். அவர் அனுமதி இல்லாமல் கல்லை நெருங்க வேண்டாம். செருப்பு எங்கே கழற்ற வேண்டும், பெண்கள் எதுவரை போகலாம், படம் எடுக்கலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். கேட்டுவிட்டுச் செய்தால் யாரும் மறுப்பதில்லை. எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். அங்கே கிடைத்த பேச்சை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புங்கள், அதுவே பாதி ஆவணம்.

கதை கேட்பதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். 'தாத்தா, இது பல்லவர் காலத்துக் கல்லுதானே?' என்று ஆரம்பித்தால், 'ஆமாம்ப்பா' என்பார். அதோடு கதை முடிந்தது. அவருக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு உங்களுக்குத் தெரிந்ததை அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: 'இந்தச் சாமி இங்க எப்படி வந்துச்சு?' 'உங்களுக்கு இதை யாரு சொன்னாங்க?' 'எந்த மாசம் பொங்கல் வெப்பீங்க? யாரு யாரு வருவாங்க?' 'முன்ன இந்தக் கல்லு இதே இடத்துலதான் இருந்துச்சா?' கடைசிக் கேள்வி மிகவும் அவசியம். ஏரி தூர்வாரும்போதோ சாலை போடும்போதோ கல்லை நகர்த்தியிருப்பார்கள். அந்த நினைவு ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டது, கன்று ஈனாத மாட்டுக்காக வேண்டிக்கொண்டது, கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து குலசாமியைத் தேடி வந்தது போன்ற செய்திகளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாக்களிடம்தான் கேட்க முடியும். 'உங்க பாட்டி காலத்துல எப்படி ஆயா கும்பிட்டாங்க?' என்று ஒரு கேள்வி போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இடையில் பேசாதீர்கள்.

பேச்சைப் பதிவு செய்வதானால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சொன்னவர் பெயரை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம், வெளியில் போடுவதற்குத் தனியாகச் சம்மதம் வேண்டும். ஒரே கல்லுக்கு ஒரே ஊரில் இரண்டு மூன்று கதை கிடைக்கும். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் சொன்னவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வீரன் எங்கள் ஆள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினர் சொல்லக்கூடும். கல்லில் எழுதாததை நீங்கள் கல்லின் மேல் ஏற்றாதீர்கள். யார் பூசை செய்கிறார்கள், யார் பொங்கல் வைக்கிறார்கள் என்று இப்போது நடப்பதை மட்டும் பதியுங்கள். உங்கள் குறிப்பு ஒரு ஊர்ச்சண்டைக்குச் சாட்சியாகிவிடக் கூடாது.

கல்லின் முன்னால்

இப்போது கல்லைப் பாருங்கள். முதலில் நான்கு பக்கமும் சுற்றி வந்து, எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எவ்வளவு மண்ணுக்குள் இருக்கிறது, உடைந்திருக்கிறதா, பக்கத்தில் வேறு கல் உண்டா என்று கவனியுங்கள். மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டிப் பார்க்கவே கூடாது.

பிறகு வீரன். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? தலையில் கொண்டை உண்டா? கையில் வில்லா, குறுவாளா, கேடயமா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடு இருந்தால் மந்தைச் சண்டை என்று ஊகிக்கலாம். செங்கம் பக்கத்துப் பழைய கற்களில் வீரனின் காலருகே கெண்டி (மூக்கு வைத்த நீர்ச்செம்பு), சிமிழ் போன்ற சிறிய பொருள்கள் இருக்கும். இறந்தவனுக்குப் படைத்தவை. எண்ணெய்ப் பிசுக்கில் இவைதான் முதலில் கண்ணுக்குத் தப்பும், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

எல்லாக் கல்லும் மந்தைச் சண்டைக்கு உரியது அல்ல. வேங்கையோடு மல்லுக்கு நிற்கிற உருவம் இருந்தால் புலிகுத்திக் கல். கிருஷ்ணகிரிப் பக்கம் நகர நகரக் கற்களின் அமைப்பே மாறும். கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது, மேலே அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது என்று அடுக்கடுக்காக வரும். இவை பெரும்பாலும் பிற்காலத்தவை. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையைத் தூக்கியபடி நின்றால், அவனோடு தீப்பாய்ந்த மனைவியாக இருக்கலாம். தன் தலையைத் தானே அரிந்துகொள்கிற உருவம் நவகண்டம்.

மனிதனுக்கு மட்டும்தான் கல் என்றும் நினைக்க வேண்டாம். தண்டராம்பட்டுக்கு அருகிலுள்ள எடத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காக உயிர்விட்ட செய்தியைச் சொல்லும் அந்தக் கல்லில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயரையும் கல்லில் எழுதி வைத்த மக்கள் வாழ்ந்த மண் இது. இன்னும் கிழக்கே விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றுக்கே கல் இருக்கிறது.

எழுத்து இருந்தால்

எழுத்து பெரும்பாலும் வீரனின் தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும். இந்த வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்களில் காண்பது பெரும்பாலும் வட்டெழுத்து, அதாவது வளைகோடுகளால் ஆன பழைய தமிழ் எழுத்து வடிவம். இன்றைய தமிழ் எழுத்தை வைத்து வாசிக்க முயன்றால் தடுமாறுவீர்கள். புள்ளியும் பெரும்பாலும் இருக்காது, ப, வ போன்றவை ஒன்றுபோலவே தோன்றும். ஆனாலும் பயப்பட வேண்டாம். வாசகம் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வருவதால், வார்ப்பு தெரிந்தால் பாதி வாசித்த மாதிரி.

தொடக்கத்தில் 'கோவிசைய' என்று வரும். அதையடுத்து அரசன் பெயர்: சிங்கவிண்ண பருமர் என்றால் சிம்மவிஷ்ணு, மயீந்திர பருமர் என்றால் மகேந்திரவர்மன், நரைசிங்க பருமர் என்றால் நரசிம்மவர்மன். பிறகு 'யாண்டு' என்று ஆட்சியாண்டு, பெரும்பாலும் எண்ணாக இல்லாமல் எழுத்தால். அப்புறம் உள்ளூர்த் தலைவன், நாடு, ஊர். அதற்குப் பின் என்ன நடந்தது: 'தொறுக் கொண்ட ஞான்று', அதாவது மந்தையைக் கவர்ந்தபோது, அல்லது 'தொறு மீட்டு'. கடைசியில் 'பட்டான்' என்றும், இறந்தவன் பெயரும், 'கல்' என்பதும். 'தொறு', 'பட்டான்', 'கல்' ஆகிய மூன்றையும் வட்டெழுத்தில் எழுதிப் பழகிக்கொண்டு போனால், களத்தில் அவை கண்ணில் படும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரைகுறையாக வாசித்ததை முடிந்த முடிவாக வெளியிடாதீர்கள். உறுதியாகத் தெரிந்த எழுத்தை மட்டும் எழுதி, தெரியாத இடத்தில் கோடு விடுங்கள். கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. நீங்கள் நல்ல படம் எடுத்துக் கொடுத்தால் போதும், அவர்கள் வாசித்துச் சொல்வார்கள்.

படமும் அளவும்

உச்சி வெயிலில் எடுத்த படம் பயன்படாது, எழுத்தெல்லாம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாயும்போது எடுங்கள். நிழலில் இருக்கிற கல் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து, கல்லை உரசுவதுபோலப் பிடித்து, இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். ஒரு வெளிச்சத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் எழுந்து வரும். ஒரு படத்தில் அளவு நாடாவை வைத்து எடுக்க மறக்காதீர்கள். கல்லும் சுற்றுப்புறமும் சேர்ந்து தெரிகிற மாதிரி தள்ளி நின்றும் சில படங்கள் வேண்டும். மரம், வரப்பு, ஏரி எல்லாம் அதில் வரட்டும்.

உயரம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, ஊர், வட்டம், தேதி, கல் இருக்கும் இடம், காட்டியவர், கேட்ட கதை என்று ஒரு பக்கத்துக்கு எழுதி முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் இரண்டு ஊர்க் கதைகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று இரும்பு பிரஷ், சோப்புத் தூள், ஆசிட் எதையும் தொடாதீர்கள். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸால் கோடுகளின் மேல் வரைவதும் கூடாது. தவறாக வரைந்த கோடு அடுத்து வருகிறவரையும் தவறாக வாசிக்க வைக்கும். சாமிக்குப் பூசிய மஞ்சளைத் துடைக்க வேண்டுமானால் பூசாரியிடம் கேளுங்கள். திருவிழாவுக்கு முன்பு அவர்களே கழுவும் நாளைச் சொல்வார்கள், அன்றைக்குப் போவதுதான் முறை.

இணையத்தில் பகிரும்போது, காவல் இல்லாத கல்லின் துல்லியமான இடத்தைப் போடாதீர்கள். ஊர், வட்டம் வரை சொன்னால் போதும். சிலை திருடர்களும் அதே பக்கங்களைப் படிக்கிறார்கள்.

யாரிடம் சொல்வது

பட்டியலில் இல்லாத கல் என்று தோன்றினால், படத்தோடும் குறிப்போடும் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக் கல்வெட்டியல் துறைக்கும் எழுதலாம். வைகைக் கரையில் புலிமான்கோம்பையில் 2006இல் அந்தப் பல்கலைக்கழகத்தார் கண்ட கற்கள், வட்டெழுத்துக்கும் முந்திய தமிழ்ப் பிராமி எழுத்தில் நடுகல் இருக்கிறது என்பதையே காட்டின. கல்லுக்கு உடனடி ஆபத்து என்றால், உதாரணமாக ரோட்டு வேலைக்கு மண் அள்ளுகிற இடத்தில் இருக்கிறது என்றால், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

கல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பாதுகாப்பதாக நினைக்கவே நினைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதும்கூட வேறு வழியே இல்லாதபோது அதிகாரிகள் எடுக்க வேண்டிய முடிவு. பூசை நடக்கிற கல்லுக்கு அந்த ஊர்தான் பாதுகாப்பு. இத்தனை நூற்றாண்டும் அதைக் காப்பாற்றி வந்தது பொங்கல் வைத்த கைகள்தான்.

வாசகம் உறுதியானதும் மறுபடி அந்த ஊருக்குப் போங்கள். இதைத் தவறவிடக் கூடாது. ஒரு தாளில் கல்லின் படம், எழுத்தில் உள்ளது, எளிய தமிழில் அதன் பொருள், அதற்குக் கீழே ஊரார் சொன்ன கதை என்று அச்சிட்டு எடுத்துப் போங்கள். கல்வெட்டையும் கதையையும் தனித்தனியாகப் போடுங்கள். கல்லில் மாடு மீட்டவன் இருப்பான், கதையில் வேட்டைக்கு வந்த சாமி இருப்பார். இரண்டையும் ஒட்டவைக்கவோ, ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்லவோ உங்களுக்கு உரிமை இல்லை. கல்லில் இருக்கிற பெயரைப் பூசாரிக்கும், உங்களுக்குக் கதை சொன்ன ஆயாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு தாள் கோயிலுக்கு, ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று அருங்காட்சியகத்துக்கு. தாளின் கீழ்ப்பாதியில் தேதியைப் போட்டு இடம் விட்டுவிடுங்கள். வாசித்துக் காட்டும்போது 'எங்க வீட்ல வேற மாதிரி சொல்லுவாங்களே' என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.